நடுக்கொக்கியில் தொங்கிய பெரியவ

ஆவுடை மடியில் சுளகை வைத்துப் பீடி சுருட்டிக்கொண்டிருந்தாள். இலையை நனைத்து வெட்டியாகிவிட்டது. ஒரு இலையை எடுப்பாள், ஒரு சிட்டிகைத் தூளை நீளவாக்கில் தூவுவாள், இரண்டு விரலால் உருட்டுவாள், நூலைச் சுற்றி முனையை மடக்குவாள். கை அதுபாட்டுக்கு ஓடும், அதற்குக் கண் வேண்டியதில்லை. அதனால் கண்ணை உத்தரத்தின் நடுக்கொக்கியிலேயே வைத்திருந்தாள்.

அந்தக் கொக்கியில்தான் பெரியவ தொங்கினாள்.

பெரியவ என்றால் மனுஷி இல்லை. பம்ப் அடித்து மண்ணெண்ணெயில் எரிக்கிற பழைய காஸ்லைட்டு. ஆவுடையின் புருஷன் கொம்பையாவுக்கு மூத்தவரான பூதப்பாண்டி சேர்த்துவைத்திருந்த இருபத்துமூன்று காஸ்லைட்டுகளில் அதுதான் பெரியது. கல்யாண வாடகைக் கடையில் துருப்பிடித்துக் கிடந்தது, பழைய இரும்புக்கடைத் தராசில் ஏறப்போனது, உள்ளே கோழி முட்டையிட்டு வைத்திருந்தது என்று எங்கெங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வருவார். பிரிப்பார், துடைப்பார், அன்றைக்கே எரியவைத்துவிடுவார். அந்த வேலையில் மனுஷர் கெட்டிக்காரர்தான். வாயைத் திறக்காத வரைக்கும் அதை யாரும் மறுக்க முடியாது.

வாயைத் திறந்தால்தான் கஷ்டம்.

அந்த வீட்டு உத்தரத்தில் மொத்தம் மூன்று கொக்கி. ஓரத்துக் கொக்கி இரண்டும் பல் ஆடுவது மாதிரி ஆடும். நடுவில் இருப்பது மட்டும்தான் ஒரு பிள்ளையைத் தாங்கும். பாப்பாவுக்கு எட்டு மாதம். தரையில் போட்டால் எறும்பு, பக்கத்தில் போட்டால் புகையிலைத் தூள். தூள் மூக்கில் ஏறி ராவும் பகலும் தும்மும், இருமும். நடுக்கொக்கியில் தொட்டில் கட்ட வேண்டும் என்று கொம்பையா தலையைச் சொறிந்துகொண்டு அண்ணனிடம் கேட்டுப் பார்த்தான். பூதப்பாண்டி யோசிக்கவே இல்லை. "எனக்கென்னல, தாராளமாக் கட்டு. பெரியவதான் விடமாட்டேங்கா. என்னைய இந்தக் கொக்கிய விட்டு எறக்கிராதேன்னு சத்தியம் வாங்கிட்டா" என்றார். கொம்பையா செங்கல் சூளைக்குப் போய்விட்டான். அண்ணனிடம் இரண்டாம் முறை கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

ஆவுடை கேட்கவே முடியாது. புருஷனுக்கு மூத்தவரிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அங்கே இல்லை. சோறு போட்டாயிற்று என்று சொல்வதானால்கூட, "பாப்பா, பெரியப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள். அவரும் பாப்பாவைப் பார்த்தே, "கொழம்ப எடுத்து வைக்கச் சொல்லு உங்கம்மாவ" என்பார். நடுவில் இருக்கிற பாப்பா இரண்டு பக்கமும் பார்த்து எச்சில் வடிக்கும். பாப்பா பிறப்பதற்கு முன்னால் இருவரும் சுவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவர் எச்சில் வடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேட்க முடியாததால் ஆவுடை கேட்காமலே ஒரு வேலை செய்தாள். அவர் மரக்கடை வேலைக்குக் கிளம்பியதும் ஸ்டூல் போட்டு ஏறுவாள். பெரியவளை இறக்கி மூலையில் வைத்துவிட்டு, பழைய சேலையைக் கொக்கியில் கோத்துத் தொட்டில் கட்டுவாள். சாயங்காலம் அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் தொட்டில் உள்ளே போகும், பெரியவ மேலே போவாள். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பாப்பாவின் இருமலும் நின்றது.

வெள்ளிக்கிழமைதான் வினை வந்தது. காஸ்லைட்டின் உயிர் மேண்டிலில் இருக்கிறது. சின்னப் பை மாதிரி வலை. ஒருதரம் எரிந்துவிட்டால் சாம்பலாகத்தான் நிற்கும். விரல் பட்டால் போச்சு. இறக்கும்போது அவளுடைய வளையல் கண்ணாடியில் இடித்தது. உள்ளே மேண்டில் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது.

முன்பு ஒரு கண்ணாடிச் சில்லுக்காகத் தம்பியோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவர் அவர். இது தெரிந்தால் கொக்கியைச் சுற்றிக் கம்பிவலை அடித்தாலும் அடிப்பார். பாப்பா மறுபடி தூளுக்குள்தான் கிடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சபை கூடும்போது பெரியவளைப் பற்றவைத்துக் காட்டப்போவதாக வேறு சொல்லிவிட்டார்.

இன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை. மணி நாலாகப் போகிறது.

சபை என்றால் பெரிய கூட்டம் இல்லை, பூதப்பாண்டி அளக்கிற விளக்குக் கதையைக் கேட்க வருகிறவர்கள்தான். ஓய்வு பெற்ற லைன்மேன் ஐயம்பெருமாள், டெய்லர் மைதீன்பிச்சை, அவருடைய மச்சினன் ஒருத்தன். சபைக்குச் சட்டம் ஒன்று உண்டு. கதை நடுவில் யார் 'பொய்' என்று சொன்னாலும், அன்றைக்கு எரிகிற விளக்குக்கு ஐம்பது பம்ப் அடிக்க வேண்டும். பூதப்பாண்டி போட்ட சட்டம்தான். மற்றவர்கள் விளக்கெல்லாம் மண்ணெண்ணெயில் எரியும். அவருடைய விளக்கு பாதி மண்ணெண்ணெயிலும் பாதி சந்தேகத்திலும் எரியும். சந்தேகப்படுகிறவர்கள் அதிகமாக வந்தால் வெளிச்சம் ஜாஸ்தி. லைன்மேன் ஒருநாள், "அடுத்தவன் கதைய நீரு பொய்னு சொன்னா?" என்று கேட்டார். "நான் சொல்லமாட்டேன் வே. சொன்னா, எந்த விளக்கப் பத்தின கதையோ அந்த விளக்கையே எறக்கிக் கீழ வச்சிருதேன்" என்றார் பூதப்பாண்டி. அவரைவிடப் பெரிதாக அளக்க ஊரில் ஆள் கிடையாது என்கிற தைரியம்.

அன்றைக்கு முதலில் ஒரு சின்ன லைட்டை எரியவிட்டு உட்கார்ந்தார். அது 'ஸ்ஸ்ஸ்' என்று இரைந்தது. காதைச் சாய்த்தார். விளக்கு பேசுவது இப்படித்தான் என்று விளக்கினார். விட்டுவிட்டு இரைந்தால் நாசில் அடைப்பு, நீளமாக இரைந்தால் வாஷர் கோளாறு, இது சின்னப்பிள்ளை பாஷை. அதற்கு மேலே அவர் அளவுக்குப் படித்தவருக்கு ஊர் விஷயம் எல்லாம் சொல்லும்.

இந்தச் சின்னதை வாங்கிவந்தபோது நாசில் அடைத்திருந்ததாம். அதைக் குத்தி எடுக்கிற ஊசி கிடைக்கவில்லை. ஊசி விற்கிற கடை எல்லாம் மூடி வருஷம் ஆயிற்று. அவர் சும்மா இருப்பாரா. கையில் உட்கார்ந்த ஒரு கொசுவைப் பிடித்து, ஸ்பிரிட்டில் கழுவி, அதன் மூக்கை நாசிலுக்குள் விட்டு ஒரு திருகு. அடைப்பு வெளியே வந்துவிட்டது. கொசுவைப் பத்திரமாக விட்டுவிட்டார். அதற்கு மூக்கில் கரி ஏறி இப்போது ரத்தம் பிடிப்பதில்லையாம். இரண்டாம் தெருவில் மண்ணெண்ணெய் வாசம் தேடித் திரிகிறதாம்.

"பொய்" என்றான் மச்சினன். புதுசு. ஐம்பது பம்ப் அடித்தான்.

அடுத்தது வாஷர் கதை. பம்புக்குள் இருக்கிற தோல் வாஷர் காய்ந்துவிட்டால் காற்றுப் பிடிக்காது. அவருக்குக் கிடைத்த தோலோ, உயிரோடு இருந்தவரை பின்பக்கமாகவே நடந்த ஒரு மாட்டினுடைய தோல். அதில் வாஷர் வெட்டிப் போட்டார். பம்ப் பின்பக்கமாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. விளக்கு வெளிச்சத்தைக் கொடுப்பதற்குப் பதிலாக உறிஞ்சியது. நடுப்பகலில் தெருவே இருண்டது. கோழியெல்லாம் அடைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லைன்மேன் ஐயம்பெருமாள் கம்பத்தில் ஏறிவிட்டார்.

"நான் எப்ப வே ஏறுனேன்?" என்றார் லைன்மேன்.

"நீரு ஏறுனது உமக்கே தெரியல. அவ்வளவு இருட்டு."

"பொய்" என்று சொல்லிவிட்டு லைன்மேன் தானே எழுந்து ஐம்பது அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆவுடைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே இலையில் இரண்டு தரம் தூள் வைத்திருந்தாள். அவிழ்த்து மறுபடி சுருட்டினாள்.

பிறகு ஆலங்குளத்துக் கல்யாணம். அங்கே எரிய ஒரு நல்ல மேண்டில் வேண்டுமென்று, ஒரு சிலந்தியை மூன்று நாள் பட்டினி போட்டு அவரே நெய்யவைத்தாராம். அந்த மேண்டில் கொடுத்த வெளிச்சத்தில் ஆளுக்குள்ளே இருப்பதெல்லாம் தெரிந்துவிட்டது. சமையற்காரர் மடியில் முந்திரிப்பருப்பு தெரிந்தது. மாப்பிள்ளையின் தலைமுடி கழற்றி மாட்டுகிற முடி என்று தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா வாயால் 'ஒண்ணும் வேண்டாம், பொண்ணு மட்டும் போதும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சுக்குள்ளே கட்டிலும் பீரோவும் மோட்டார் சைக்கிளும் வரிசையாக நின்றது பந்தலுக்கே தெரிந்தது. பெண்வீட்டுக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். விளக்கை அணைத்தால் போதும் என்று மாப்பிள்ளை வீட்டார் அவர் காலில் விழுந்தார்களாம்.

"இது மெய்யா இருந்தாலும் இருக்கும்" என்றார் டெய்லர். அவருக்கு மூன்று பெண்கள்.

இனி மிச்சம் இருந்தது பெரியவ கதைதான். மரக்கடை லாரி மாதிரி அவளுக்கும் பலம் என்றார் பூதப்பாண்டி. போன குற்றாலச் சீசனில் மறதியாக இருநூறு பம்ப் அடித்துவிட்டாராம். பிடியைப் பிடித்திருந்த கையோடு அவரையும் தூக்கிக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள். கூரை ஓட்டில் இரண்டை விலக்கிக்கொண்டு, தென்காசிக் கோபுரத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி, குற்றாலத்துக்கு மேலே போய் நின்றாள். ஐந்தருவியில் நாலு அருவி சூட்டில் வற்றிவிட்டது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் சோப்பு நுரையோடு மேலே பார்த்தார்கள். ஐந்தாவது அருவியின் சாரல் அடித்துத்தான் அவள் குளிர்ந்து, மெதுவாக இறங்கி, இதே கொக்கியில் தானாக மாட்டிக்கொண்டாளாம்.

"சரி, பத்தவையும் பாப்போம்" என்றார் லைன்மேன்.

பூதப்பாண்டி ஸ்டூலில் ஏறினார். ஆவுடையின் கை நின்றுவிட்டது. அவர் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். மேண்டில் இருந்த இடத்தில் ஒரு நூல் முடிச்சுத்தான் இருந்தது. அடியில் திருநீறு மாதிரி சாம்பல்.

"இத யாரு தொட்டது?"

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. பாய் ஓரத்தில் தவழ்ந்துகொண்டிருந்த பாப்பா ஒரு பீடி இலையை வாய்க்குக் கொண்டுபோனது. ஆவுடை அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினாள். தூக்கியதும் அது மூக்கைச் சுருக்கித் தும்மியது. அந்தத் தும்மல்தான் அவள் வாயைத் திறந்தது.

"பாப்பா, பெரியப்பாகிட்ட சொல்லு. யாரும் தொடல. பெரியவ தானா எறங்குனா."

மூன்று வருஷமாக அந்த வீட்டுக்கு வந்துபோகிற டெய்லர் அன்றைக்குத்தான் அவள் குரலைக் கேட்டார். தையல் மிஷின் ஓசையைவிடச் சின்னக் குரல். ஆனால் நூல் அறுபடவில்லை.

பெரியப்பா மரக்கடைக்குப் போனதும் பெரியவ 'ஸ்ஸ்' என்று கூப்பிட்டாளாம். அந்தப் பாஷை பெரியப்பாவுக்கு மட்டுமா தெரியும். பிறந்த நாளில் இருந்து பாப்பாவை ஒண்ணுக்குப் போகவைக்க அம்மா பேசுவதும் அதே பாஷைதானே. அதனால் பாப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டதாம். குற்றாலத்துச் சாரலில் நனைந்ததில் இருந்து பெரியவளுக்கு இடுப்பு வலி. தொங்க முடியவில்லை. பெரியப்பாவிடம் சொன்னால் மனசு கஷ்டப்படுவார் என்று சொல்லவில்லை. மண்ணெண்ணெயாகக் கண்ணீர் விட்டாள்.

"அப்புறம் அவளே எறங்கி, அம்மா சேலைய எடுத்துக் கொக்கியில கட்டி, ஒன்னைய உள்ள போட்டு ஆட்டுனா. தெனமும் ஆட்டுதா. பெரியப்பா சைக்கிள் மணி கேட்டதும் ஏறிக்கிடுதா. பொய்னா கொக்கியப் பாக்கச் சொல்லு பாப்பா. சேல நூல் ஒட்டியிருக்கும்."

ஸ்டூலில் நின்றபடியே பூதப்பாண்டி கொக்கியைப் பார்த்தார். பச்சை நூல் இரண்டு இழை ஒட்டியிருந்தது. அதே பச்சைச் சேலையில் ஒரு துண்டு பாப்பாவின் இடுப்பில் இருந்தது.

லைன்மேன் கம்பத்துக்குக் கீழே நின்று ஏறியவனைக் கேட்பதுபோலக் கேட்டார். "என்ன பூதப்பாண்டி, பொய்யா மெய்யா? பொய்னா அம்பது பம்ப்பு, அதோட விளக்க எறக்கணும், நீரு போட்ட சட்டம். மெய்னா, பாவம், அவ இடுப்பு வலியோட தொங்குதா."

பூதப்பாண்டி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பொய் என்றால் பேசுகிற விளக்கு போச்சு, குற்றாலம் போச்சு, இத்தனை வருஷத்துச் சபையும் போச்சு. ஆவுடை தலை குனிந்துகொண்டாள். பாப்பாவின் சட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியாதா" என்றார் அவர் கடைசியில். "குத்தாலத்துலேயே சொன்னா. கொஞ்சம் பொறுத்துக்கோன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்."

பெரியவளை இரண்டு கையாலும் இறக்கி, மூலையில் சாக்கு விரித்து, இடுப்பு வலிக்காரியை உட்காரவைப்பதுபோல வைத்தார். ஆவுடைக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"எல்லாம் சரி. மேண்டில் எங்க போச்சுன்னு உங்கம்மாகிட்ட கேளு பாப்பா."

அதை ஆவுடை யோசித்து வைக்கவில்லை. சபை முழுக்க அவள் பக்கம் சாய்ந்தது.

"மேண்டிலு... பாப்பா, பெரியப்பாகிட்ட சொல்லு, அன்னைக்கு ஒனக்குத் தலை குளுருதுன்னு அவ தன் தலையில இருந்து கழத்தி..."

"ஏட்டி ஆவுட, தண்ணி வந்துட்டு!" பக்கத்து வீட்டு உலகம்மாளின் குரல். நாலு நாளைக்கு ஒருதரம் வருகிற தண்ணீர். ஆவுடை பிள்ளையைக் கீழே விடப் பார்த்தாள், தூள் கிடந்தது. சட்டென்று பெரியப்பாவின் மடியிலேயே வைத்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவள், "அந்த மேண்டில அவ என்ன செஞ்சான்னா" என்று திரும்பினாள். "கொழா நிக்கப்போவுதுட்டி" என்று மறுபடி குரல் வந்தது. போய்விட்டாள்.

"பாதியில போயிட்டாளே" என்றார் டெய்லர்.

"அதான் பாப்பா இருக்கே, அதுக்குத்தான் பாஷை தெரியுமாமே" என்றார் லைன்மேன். "கேளும்."

பூதப்பாண்டி விடுகிற ஆளா. பாப்பாவைத் தன் பக்கம் திருப்பி, காதைச் சாய்த்து, "சொல்லு தாயி, மேண்டில் எங்க?" என்றார்.

பாப்பா அவரையே பார்த்தது. முகம் சிவந்தது. காலை ஒருதரம் உதைத்தது. வெளுத்த வேட்டியில் ஈரம் பரவ, ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வந்தது.

லைன்மேன் குனிந்து கொஞ்ச நேரம் கேட்டார்.

"நீளமா வருது பூதப்பாண்டி" என்றார். "வாஷர்தான்."