கோரையை எரித்துக் கட்டிய கூடு

பவளம் என்ற தாழைக்கோழிக்குத் தன் கூட்டைக் கண்டாலே எரிச்சலாக வந்தது.

ஏரியின் தென்கரை ஓரம், கோரைக் காட்டுக்குள் அவள் குடியிருந்தாள். கோரையை வளைத்து, மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய கூடு அது. பாதி தண்ணீரில் மிதக்கும். பாதி கோரைத் தண்டுகளில் தொற்றிக்கொண்டிருக்கும். இதில் என்ன குறை என்கிறீர்களா? மழை பெய்தால் ஏரியில் தண்ணீர் ஏறும். உடனே புருஷன் கோரை அறுத்துக் கொண்டுவர, பெண்டாட்டி அதை அடியில் செருகிச் செருகிக் கூட்டை உயர்த்த வேண்டும். இதற்கு ஏரியில் ‘வீடு தூக்குவது’ என்று பெயர். மழை நாளில் எல்லா வீட்டிலும் இதே வேலைதான்.

“ஊர்ல எல்லாரும் ஒரு தடவைதான் வீடு கட்டுறாங்க. நான் மட்டும் காலம் பூரா கட்டிக்கிட்டே இருக்கேன்!” என்று பவளம் பொருமினாள்.

அவள் புருஷன் கறுத்தான் சட்டென்று ஒரு நத்தையை வாயில் போட்டுக்கொண்டான். விவரமான கணவன்!

போதாததற்கு, கரையில் ஒரு மோட்டார் கொட்டகை இருந்தது. அதன் செங்கல் சுவர்ப் பொந்தில் வாழ்ந்த மைனா ஒருநாள் எட்டிப் பார்த்தாள். “ஏன்க்கா, உங்க வீடு எப்பப் பாத்தாலும் ஈரமாவே இருக்கே, முட்டைக்குச் சளி பிடிக்காதா?” என்று கேட்டுவைத்தாள். அன்றைக்குப் பவளத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சொக்கியிடம் போய்க் குறைபட்டுக்கொண்டாள். சொக்கி ஒரு முக்குளிப்பான். பேச்சின் நடுவிலேயே தண்ணீருக்குள் முங்கிவிடுவாள். எங்கேயோ எழுந்து மிச்சத்தைச் சொல்வாள்.

“ஈரமா இருந்தா என்னடி? நான் பாசியை அழுகவிட்டுத்தான்...” என்று சொன்னவள் முங்கினாள். அந்தப் பக்கம் எழுந்தாள். “...வீடே கட்டுறேன். அழுகின பாசி வெதுவெதுன்னு இருக்கும். முட்டைக்கு நல்லது!”

“உன் வீட்டு நாத்தம் என் வீடு வரைக்கும் வருது. நீ எனக்கு யோசனை சொல்றியா?” என்றாள் பவளம்.

சொக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு முங்கினாள். இந்த முறை வெகுநேரம் எழவே இல்லை.

அப்போதுதான் கரையில் வளை தோண்டி வாழும் பெருச்சாளி மேஸ்திரி மீசையை நீவியபடி வந்து நின்றார்.

“செங்கல்லுல கட்டிருவோம்மா! மோட்டார் கொட்டகை மாதிரி! அந்த மண்திட்டு மேல வச்சா ஆடாது, அசையாது, நனையாது. தூக்கவும் வேண்டாம், தாங்கவும் வேண்டாம்!”

“கூலி?”

“உங்ககிட்டப் போயி கூலி கேப்பேனா? செங்கல் சுட விறகு வேணும். அதுக்கு இந்தக் கோரையை வெட்டிக்கறேன். அடியில கிடக்கற கிழங்கு எனக்கு. அவ்வளவுதான்!”

கோரைக்கிழங்கு என்றால் மேஸ்திரி உயிரை விடுவார் என்பது ஏரி முழுக்கத் தெரிந்த விஷயம். பவளத்துக்கும் தெரியும். ஆனால் ஆசை வந்துவிட்டால் தெரிந்தது எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

மறுநாளே சூளை மூண்டது. பெருச்சாளிக்கு நெருப்பு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்காதீர்கள். மேஸ்திரிகளுக்கு எல்லாம் கிடைக்கும். பச்சைக் கோரை எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். ஏரிமேல் புகை படிந்து நின்றது. தட்டான்கள் ஊரைக் காலி செய்தன. நாமக்கோழிகள் இருமின. கண் தெரியாமல் ஒரு கொக்கு மீன் என்று நினைத்துத் தன் காலையே கொத்திக்கொண்டது.

“செங்கல் சரியா வேகலை. இன்னும் கொஞ்சம் கோரை வேணும்” என்றார் மேஸ்திரி, வாய் நிறையக் கிழங்குடன். இப்படியே கேட்டுக் கேட்டுத் தென்கரைக் கோரையை மொட்டையடித்துவிட்டார்.

ஏரிக்குள் இருந்த மண்திட்டின்மேல் வீடு எழுந்தது. பவளம் ஏரியையே அழைத்துப் புதுமனை புகுவிழா நடத்தினாள். கோபத்தை மறந்து சொக்கியும் வந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. மழை வந்தா இதை எப்படித் தூக்குவே?”

“தூக்காம இருக்கத்தானேடி கட்டியிருக்கு!”

“தண்ணிக்கு அது தெரியணுமே...” என்று சொல்லிச் சொக்கி முங்கினாள். மிச்சம் எதுவும் சொல்லவில்லை.

பகலில் செங்கல் தோசைக்கல்லாகக் காய்ந்தது. பவளம் ஒரு காலை வைத்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டாள். “குளிர்காலத்துக்கு நல்லா இருக்கும்” என்று எல்லோரிடமும் சொன்னாள். அந்தச் சூட்டிலேயே முட்டையிட்டு, இறக்கையால் நிழல் கொடுத்து, பாடாய்ப் பட்டு அடைகாத்தாள். முட்டைக்குள்ளிருந்து மெல்ல ‘கீச்’ என்று சத்தம் கேட்கத் தொடங்கியது. பவளத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

சாதாரண மழை இல்லை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஏரி மடமடவென்று ஏறியது. திட்டு முழுகியது. செங்கல் வீட்டின் வாசலில் தண்ணீர் நுழைந்தது.

“வீட்டைத் தூக்கு! வீட்டைத் தூக்கு!” என்று பவளம் பழக்கத்தில் கத்தினாள்.

“எதை வச்சுத் தூக்கறது?” என்றான் கறுத்தான். சுற்றிலும் ஒரு கோரைகூட இல்லை.

பவளம் செங்கல்லை நெஞ்சால் முட்டினாள். அது அசையவில்லை. மேஸ்திரி சொன்ன சொல் தவறாதவர்! முட்டைகளை நனைத்துக்கொண்டு தண்ணீர் ஏறியது. உள்ளே குஞ்சுகள் கத்தின.

“ஐயோ, என் பிள்ளைங்களை நானே செங்கல்லுக்குள்ள அடைச்சுட்டேனே!” என்று பவளம் வாய்விட்டு அழுதாள்.

அப்போது மழைக்குள் ஒரு வசவு கேட்டது.

“என் வீட்டைப் பிடிச்சிருந்த கோரையையும் உன் மேஸ்திரி அறுத்துட்டான்டி! நான் எங்க போறேன்னு எனக்கே தெரியலை!”

சொக்கியின் பாசிக்கூடு ஆடிக்கொண்டே மிதந்து வந்து செங்கல் வீட்டின்மேல் முட்டியது. கறுத்தான் ஒரு காலைச் செங்கல்லில் ஊன்றி, அலகால் அந்தக் கூட்டைப் பிடித்துக்கொண்டான். அந்த வீட்டால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

“சொக்கி! முட்டைக்கு மட்டும் இடம் குடுடி!”

“நாத்தம் அடிக்குமே?”

“அடிச்சா அடிக்கட்டும்!”

வாய்தான் அப்படிக் கேட்டதே தவிர, சொக்கி அதற்குள் பாசியை விலக்கி இடம் செய்துவிட்டாள். பவளம் முட்டைகளை ஒவ்வொன்றாக மார்பால் உருட்டி ஏற்றினாள். கடைசி முட்டைக்காகக் கழுத்துவரை தண்ணீருக்குள் முங்க வேண்டியிருந்தது. அந்த முட்டையையும் அவள் விட்டுவிடவில்லை. அவள் ஏறிய கையோடு செங்கல் வீடு சேற்றில் சரிந்து உள்ளே போயிற்று.

பாரம் தாங்காமல் பாசிக்கூடு தாழ்ந்தது. மிதந்து வந்த பாசியையும் தழையையும் கறுத்தான் கொண்டுவரக் கொண்டுவர, பவளமும் சொக்கியும் அடியில் செருகினார்கள். கூடு மெல்ல எழுந்தது. அழுகின பாசியின் வெதுவெதுப்பில் முட்டைகள் சூடேறின. அந்த நாற்றம் பவளத்துக்கு அப்போது எவ்வளவு இதமாக இருந்தது!

விடிந்தபோது மழை விட்டிருந்தது. கூடு வடகரைக் கோரையில் ஒதுங்கி நின்றது. குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தன.

சற்று நேரத்தில் தண்ணீரில் ஏதோ உருண்டையாக மிதந்து வந்தது. பெருச்சாளி மேஸ்திரி! வளை முழுகிப்போய், ஒரு கோரைக் கற்றையைப் பல்லால் கவ்விக்கொண்டு தத்தளித்தார்.

“என்ன மேஸ்திரி, செங்கல் ஏதும் கிடைக்கலையா?” என்றாள் சொக்கி.

மேஸ்திரி கற்றையை இன்னும் இறுக்கிக் கவ்வினார். வாயைத் திறந்தால் கோரை நழுவிவிடும்.

பவளத்துக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவரைக் கரைப் பக்கமாகத் தள்ளிவிட்டபடி சொன்னாள்: “வெக்கப்படாதீங்க. கடைசியில நானும் மிதக்கறதைத்தான் பிடிச்சேன்.”

இருக்கும் இடத்தை எரித்துக் கட்டிய வீடு நம்மைக் காக்காது. அந்த இடம் தரும் பொருளில், அதன் போக்குக்கு இசைந்து கட்டிய வீடே காக்கும்.