கரிச்சான் வாலின் கடைசிக் கண்ணி

முன்னொரு காலத்தில், மனிதர்களைவிட மரங்களுக்கு மரியாதை அதிகமாக இருந்த காலத்தில், ஏழுகுன்றம் என்றொரு நாடு இருந்தது. அங்கே சேவலுக்கும் முன்னால் கரிச்சான் குருவி கூவும். அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் கண் விழிப்பார்கள்.

அந்த நாட்டில் சடாமகுடன் என்றொரு மந்திரவாதி. பெரிய மந்திரவாதிதான், ஆனால் பாவம், தூக்கம் வராது. ஒரு விடியற்காலை பறவைகளின் சத்தம் பொறுக்காமல், காட்டுப் பறவைகளையெல்லாம் ஒரே மந்திரத்தில் நூலாக்கிவிட்டான். அந்த நூலைத் தானே பின்னிச் சால்வையாகப் போர்த்திக்கொண்டான். காடு ஊமையாயிற்று. பெரியவர்கள் எப்படியோ எழுந்தார்கள். கரிச்சான் குரலுக்கே பழகிய பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை.

செவந்தியின் ஆறு வயது மகள் வடிவும் அப்படித்தான் கிடந்தாள். செவந்தி கொக்கி ஊசியால் நூல் பொம்மை பின்னுகிறவள். ஒரு கண்ணி தப்பினாலும் முழுவதையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள், அவ்வளவு நறுவிசு. மூன்று நாள் மகளின் தலைமாட்டில் அழுதாள். நாலாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊசி, நூல், இலவம்பஞ்சோடு மந்திரவாதியின் மாளிகைக்குப் போனாள்.

"ஐயா, என் பொண்ணை எழுப்பிக் குடுங்க."

மந்திரவாதிக்கோ வேறு கவலை. சத்தம் ஒழிந்தது சரி, சன்னலைத் திறந்தால் பார்க்க ஒரு பறவைகூட இல்லையே!

"பெண்ணே! காட்டில் இருந்த மாதிரியே மூன்று பறவை பின்னித் தா, எழுப்புகிறேன். ஆனால் அவை வாய் திறக்கக் கூடாது. ஒரு குறை கண்டேனோ, நீயும் மகள் பக்கத்தில் படுத்துவிடுவாய்!"

செவந்தியின் கண் அதற்குள் அவன் சால்வை ஓரத்துக்குப் போய்விட்டது. கறுப்பு நூல் ஒன்று தொங்கியது. மந்திரம் தெரிந்த மனுஷனுக்குக் கடைசிக் கண்ணியில் முடிச்சுப் போடத் தெரியவில்லை! 'ஐயா, நூலுக்கு முடிச்சுப் போடலையே' என்று சொல்ல வாயெடுத்தவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிடித்து இழுத்திருக்கலாமே என்கிறீர்களா? அவனாகத் தராமல் அந்தச் சால்வையைத் தொட்டவர் கல்லாகிவிடுவார், தெரியுமா!

முதல் நாள், ஊசி உள்ளே போனது, வெளியே வந்தது, கண்ணியோடு கண்ணி சேர்ந்தது. நீல முதுகோடு மீன்கொத்தி பிறந்தது. அதன் சிவப்பு மூக்கைத் தட்டிப் பார்த்தான் மந்திரவாதி. குறை இல்லை.

இரண்டாம் நாள், ஊசி உள்ளே போனது, வெளியே வந்தது, கண்ணியோடு கண்ணி சேர்ந்தது. விசிறிக் கொண்டையோடு கொண்டலாத்தி பிறந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தான். குறை இல்லை.

மூன்றாம் நாள் கரிச்சான். செவந்தி கறுப்பு நூலில் பாதியை மடியில் செருகி மறைத்துவிட்டுப் பின்னினாள். தலை வந்தது, உடம்பு வந்தது, வாலில் பாதிதான் வந்தது.

"ஹா! கரிச்சானுக்கு வால் பிளந்தல்லவா இருக்கும்? தோற்றாய்!"

"நூல் பத்தலைங்க ஐயா. உங்க சால்வையில சும்மா தொங்குதே, அதுல ஒரு சாண் குடுங்க. குறைப் பறவையை வச்சுக்கிட்டு நீங்கதான் என்ன செய்வீங்க?"

மந்திரவாதி யோசித்தான். அந்தப் பொம்மைகள் என்றால் அவனுக்கு இப்போது உயிர். "ஒரு சாண்தான்!" என்று ஓரத்தை நீட்டினான். செவந்தி அந்த நூலை அறுக்காமலே ஊசியில் மாட்டினாள்.

ஊசி உள்ளே போனது, வெளியே வந்தது. கடைசிக் கண்ணியும் வந்தது. பழக்கத்தில் அவள் கை முடிச்சுப் போடப் போனது. முடிச்சுப் போட்டால் அது வெறும் பொம்மை. போடாவிட்டால் நூலாகிக் கிடக்கும் கரிச்சானுக்கு உயிர் வரலாம், இல்லையென்றால் பின்னிய பறவையே உருவிப் போகலாம். செவந்தி வடிவை நினைத்தாள். ஆயுசில் முதல் தடவையாக முடிச்சுப் போடாமல் விட்டாள்.

பஞ்சுக்குள் ஏதோ துடித்தது. கரிச்சான் விருட்டென்று சன்னல் வழியே பறந்தது. நூலின் ஒரு நுனியில் பறவை, மறு நுனியில் சால்வை. எது உருவும்? செவந்தி பின்னியது இறுக்கம், மந்திரவாதி பின்னியது தொளதொள. சால்வைதான் வரிசை வரிசையாக உருவியது. ஒவ்வொரு வரிசையிலும் மைனா, செம்போத்து, தவிட்டுக்குருவி என்று கூட்டம் கூட்டமாகப் பறந்தன.

"முடிச்சுப் போடு! முடிச்சுப் போடு!" என்று அலறினான் அவன்.

"பின்னுனது நீங்கதானே ஐயா? நீங்கதான் போட்டிருக்கணும்!" என்றபடி செவந்தி வீட்டுக்கு ஓடினாள்.

வாசல் முருங்கையில் கரிச்சான் கூவிக்கொண்டிருந்தது. வடிவு கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அம்மா, பசிக்குது" என்றாள். செவந்தி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

சால்வையோடு மந்திரமும் போய், மந்திரவாதி வெறும் கிழவனாகக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். செவந்திக்கு மனசு கேட்கவில்லை. சாதாரண ஆட்டுரோம நூலில் ஒரு சால்வை பின்னி, கடைசிக் கண்ணியை இரட்டை முடிச்சாக முடிந்து எடுத்துப் போனாள். கூடவே வந்த வடிவு, நூல் மீன்கொத்தியை அவன் மடியில் வைத்தாள்.

"இது சத்தம் போடாது தாத்தா. கட்டிப்பிடிச்சிட்டுத் தூங்குங்க."

அன்றைக்குத்தான் அவன் நன்றாகத் தூங்கினான். காலையில் கரிச்சான் எழுப்பியபோது திட்டவும் இல்லை.

கதை முடிந்தது, கண்ணுகளா. ஆனால் கரிச்சானைக் கண்டால் வாலைப் பாருங்கள், நுனி இன்னும் பிரிந்துதான் இருக்கும். அந்தக் கண்ணியை மட்டும் செவந்தி கடைசிவரை முடியவே இல்லை.