பேய்க்குப் பங்காளியான வில்லவராயர்

வெகு காலத்துக்கு முன்னே மணலூர்ச் சீமையை வச்சிரபாகு என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவான். அப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு காலம் தள்ளிய மந்திரி ஏகாம்பரனாருக்குப் பொறுமை எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

தேர்த் திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம். மந்திரி அழைத்துவந்த கதைக்காரி முத்துவடிவு அரண்மனையில் பேய்க்கதை சொன்னாள். செம்பருத்தி என்று ஒரு மருமகள், பிறந்த ஊர் ஏழாம்பற்று. புகுந்த வீட்டுக் கொடுமை தாங்காமல் செத்து, பேயாகிப் புளியமரம் ஏறுகிறாள். பக்கத்துக் கிளையில் ஒரு வேதாளம். "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறது. உயிரோடு இருந்தவரை அவளை ஒருத்தரும் கேட்காத கேள்வி. அன்றைக்கே அதற்கு மாலை போட்டுவிட்டாள். அந்தப்புரமே கைதட்டியது. ராஜா சிரித்துச் சிரித்துப் புரையேறி, தன் கைக் கங்கணத்தையே கழற்றிக் கொடுத்தான்.

அதைப் பார்த்துத் தளவாய் வில்லவராயருக்கு வயிறு எரிந்தது. மந்திரி கூட்டிவந்த ஆளுக்குக் கங்கணமா? விடிந்ததும் ராஜாவின் காதைத் தேடிப் போனார்.

மந்திரி சபைக்கு வந்தபோது முத்துவடிவு கை கட்டப்பட்டு நின்றாள்.

"கேட்டீரா மந்திரி!" என்றான் ராஜா. நேற்றுச் சிரித்த அதே வாய். "புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ஒரு குடும்பப் பெண் இன்னொருவனுக்கு மாலை போடலாமா?"

"போட்டது பேய், மகாராஜா."

"பேயானால் என்ன?" வில்லவராயர் மீசையை முறுக்கினார். "பெண் பெண்தான். மனுஷருக்கு உள்ள கட்டுப்பாடு பேய்க்கும் உண்டு. அதுவும் ஏழாம்பற்றில் பிறந்தவள் என்று இவள் வாய் கூசாமல் சொன்னாள். ஏழாம்பற்றில் எங்கள் பங்காளிகளைத் தவிர வேறு குடி ஏது? அப்போ செம்பருத்தி எங்கள் வீட்டுப் பெண். எங்கள் வம்சத்து மானம் போயிற்று!"

"ஐயா, வாயில் வந்த ஊரைச் சொன்னேன்" என்றாள் முத்துவடிவு. "அப்படி ஒருத்தி பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை."

"பேசாதே! பொழுது சாய்வதற்குள் ஆற்றைத் தாண்டிவிடு. இந்தச் சீமையில் இனி நீ கதை சொன்னால் நாக்கு இருக்காது" என்றான் ராஜா.

கதை சொல்லித்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. அவள் முகம் வெளுத்ததை மந்திரி பார்த்தார். நியாயம் பேசலாம்தான். ஆனால் இந்த ராஜாவுக்கு நியாயம் பேசினால் கொட்டாவி வரும். கண்ணால் பார்த்தால்தான் ஏறும்.

தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நேரே போய் வில்லவராயரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார்.

"என்ன ஓய் இது?"

"என்னத்தைச் சொல்ல ராயரே. சின்ன வயசு. இப்படிப் பொசுக்கென்று போய்ட்டாளே!"

"யாரு?"

"உங்க வீட்டுப் பொண்ணு செம்பருத்திதான். பேயானாள் என்றால் முதலில் செத்திருக்கணுமே? எடுக்கிறது எப்போ?"

மந்திரி துக்கம் விசாரித்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? சபையே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. "கேள்விப்பட்டதும் சாப்பாடே இறங்கலை" என்றார் ஒருவர். காலையில் அவர் தின்ற இட்லிக்குக் கணக்கில்லை.

அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது. குருக்கள் தட்டில் பரிவட்டத்தோடு வந்தார். தேர் வடத்தை முதலில் தொடுகிறவர் தலையில் கட்டும் பட்டு அது. இந்த வருஷ மரியாதை வில்லவராயருக்கு. அதற்காக அவர் பிடிக்காத கால் இல்லை. ஆசையாய்த் தலையை நீட்டினார்.

"குருக்களே, தொடாதேயும்!" மந்திரி கத்தினார். "பங்காளி வீட்டுச் சாவு! தீட்டு!"

குருக்கள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் குதித்தார். "முன்னாடியே சொல்லப்படாதா ஓய்? நல்ல வேளை!"

"நாவிதரைக் கூப்பிடுங்கப்பா. காரியத்துக்கு ராயர் தலையும் மீசையும் எடுக்கணும்."

ராஜா பதறி எழுந்தான். "நானும்தானே சாவைக் கேட்டேன்? தலை முழுகாமல் பொங்கல் சாப்பிட்டுவிட்டேனே!"

வில்லவராயர் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். "அடப் பாவிகளா, யார் செத்தது? அது கதை! கதையில் செத்தவளுக்கு எவனாவது தலை முழுகுவானா?"

"அப்போ அவள் உங்க வீட்டுப் பெண் இல்லையா?" என்றார் மந்திரி.

"இல்லை!"

"அப்படி ஒரு மனுஷியாவது உண்டா?"

"மனுஷியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை! எல்லாம் இவள் வாயில் வந்தது!"

மந்திரி ராஜா பக்கம் திரும்பினார். "இதைத்தான் இவளும் சொன்னாள். மகாராஜா, செம்பருத்தியை அடித்தால் அலற மாட்டாள். இவள் அலறுவாள். கட்டுப்பாடும் தண்டனையும் வலிக்கிறவர்களுக்கு. இல்லாதவளின் மானத்துக்காக இருக்கிறவளின் அடுப்பை அணைக்கலாமா?"

ராஜா வெட்கத்தோடு தாடையைச் சொறிந்தான். "கட்டை அவிழ்த்துவிடுங்கள். முத்துவடிவு, இங்கேயே இரு. எந்தப் பேய்க்கு யாரோடு வேண்டுமானாலும் கல்யாணம் பண்ணிவை."

வில்லவராயர் மறுபடியும் குருக்களிடம் தலையை நீட்டினார்.

"பொறும்" என்றான் ராஜா. "சற்று முன் எங்கள் வீட்டுப் பெண் என்றீர். இப்போது அப்படி ஒருத்தியே இல்லை என்கிறீர். ஒரு பெண்ணை ஊரை விட்டுத் துரத்தப் பங்காளி, மீசை போகும் என்றால் அந்நியரா? உமக்கு இந்த மரியாதை கிடையாது. குருக்களே, அந்தப் பட்டைக் கதைக்காரிக்குக் கட்டும்."

முத்துவடிவு வடத்தைத் தொட்டாள். தேர் அசைந்தது. ஊரே அதன் பின்னால் போயிற்று.

வில்லவராயரால் மட்டும் நகர முடியவில்லை. சாவுச் செய்தி கோட்டைக்கு வெளியிலும் பரவிவிட்டதே! காது மந்தமான கிழ அதிகாரி ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"ஐயா, ஒருத்தரும் சாகலை ஐயா! அப்படி ஒரு பெண்ணே கிடையாது!" என்று தொண்டை கிழியக் கத்தினார் ராயர்.

கிழவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அப்படித்தான் இருக்கும் தம்பி. உடனே மனசு ஏத்துக்காது."