பஞ்சில் துப்பிய மை

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிரிண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான் சாதிக் பாஷா. வயது இருபத்தொன்பது. அவனிடம் பாடம் கேட்க வந்த பூங்கோதை டீச்சருக்கு ஐம்பத்திரண்டு. குரு என்றால் தாடியும் மரத்தடியும் இருந்தாக வேண்டும் என்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே விட்டுவிடலாம். சாதிக்குக் கன்னத்தில் கொஞ்சம் மை இருந்தது, அவ்வளவுதான்.

டீச்சருக்கு ஊர் குருவிமேடு. அங்கே ஊரில் பெரும்பாலோர் குடிக்கும் பள்ளிக்கூடத்து போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். டீச்சருக்கே ஏறியிருந்தது. சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். தன் வகுப்பில் இரண்டு பெண்கள் அதே மாதிரி மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்த அன்று, அந்த போர்வெல்லை நிறுத்தாமல் ஓய்வதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

மே தினத்துக் கிராமசபையில் அவர் ஒரு சோதனைத் தாளைக் காட்டினார். மருந்தில் நனைத்துக் காயவைத்த தாள். கெட்ட தண்ணீர் பட்டால் இளஞ்சிவப்பு மாறி மஞ்சளாக வேண்டும். கையால் நனைத்ததால் மருந்து ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தது. ஓர் ஓரம் மஞ்சளானது, மறு ஓரம் இளஞ்சிவப்பாகவே நின்றது.

“டீச்சரம்மா, உங்க காயிதமே இன்னும் ஒரு முடிவுக்கு வரலையே” என்றார் ஊராட்சித் தலைவர். சபை சிரித்தது. டீச்சர் அந்தச் சிரிப்பை வீட்டுக்கு எடுத்துப்போனார்.

அடுத்த சபை ஆகஸ்ட் பதினைந்தில். அதற்குள் வீட்டுக்கு ஒன்றாக முந்நூறு தாள் வேண்டும். முந்நூறும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அவரவர் வீட்டுக் குடத்தில் அவரவரே நனைத்துப் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். அத்தனை சமமாகத் துளி வைக்க, மையைத் தாளில் தெளிக்கும் பிரிண்டரின் தலையால்தான் முடியும். ஆனால் சோதனைக்கு வேண்டிய தடிமனான வடிதாள் பிரிண்டருக்குள் நுழையாது. ஆகவே தலையை மட்டும் தனியே எடுத்துத் தன் சொல்லுக்கு ஆடவைக்க வேண்டும்.

“இது யார் சொன்னா கேக்கும், தம்பி?” என்று சாதிக்கிடம் கேட்டார்.

“அதோட மெஷின் சொன்னா கேக்கும். மெஷின் என்ன சொல்லுதுன்னு ஒட்டுக் கேளுங்க” என்றான் சாதிக்.

டீச்சர் ஒட்டுக் கேட்டார். பிரிண்டருக்கும் தலைக்கும் நடுவே ஓடும் பட்டை ஒயரில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி, போகிற மின்சாரத்தை எல்லாம் கணினியில் பதிந்தார். கோடை விடுமுறை முழுக்க அதைப் படித்தார். தலையில் மயிரிழையிலும் சிறிய துளைகள். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு சூட்டுப் புள்ளி. மின்சாரம் ஒரு கணம் தொட்டால் மை கொதித்து வெளியே குதிக்கும். கொஞ்சம் கூடுதலாகத் தொட்டால் புள்ளி கருகிவிடும்.

பதிந்ததை அப்படியே தலைக்குத் திருப்பிச் சொல்ல ஒரு மின்சுற்றுப் பலகை செய்தார். தலையைக் கழுவி மருந்தை நிரப்பினார். ஓட்டினார். பாதித் துளைகள் வாய் திறக்கவில்லை. வோல்ட்டைக் கொஞ்சம் கூட்டினார். திறந்தன. மறுநாள் மறுபடி அடைத்துக்கொண்டன. இன்னும் கூட்டினார். கருகின.

இப்படி ஐந்து தலைகள் போயின. அந்த மாடல் வருவது நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. சாதிக்கின் கடையில் கடைசியாக ஒன்று மிஞ்சியது. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலையில், கடை திறந்ததும் திறக்காததுமாக டீச்சர் வந்து நின்றார்.

“இன்னும் எத்தனை வோல்ட் கூட்டலாம், தம்பி? ஒரு கணக்குச் சொல்லுங்க. நான் விடப்போறதில்ல.”

சாதிக் அவரைப் பார்த்தான்.

“கொஞ்சம் தண்ணி பிடிச்சிட்டு வர்றீங்களா, டீச்சர்?”

டீச்சருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போனார். கடைக்குப் பின்னால் ஒரு குழாய். திறந்தார். தண்ணீரைக் கொஞ்ச நேரம் தரையில் ஓடவிட்டு, பிறகே டம்ளரை நீட்டினார். சாதிக் பின்வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எதுக்குக் கீழ விட்டீங்க?”

“ராத்திரி பூரா குழாயில நின்ன தண்ணி. அதை யாராவது குடிப்பாங்களா? பள்ளிக்கூடத்துல சோதனைக்குத் தண்ணி எடுத்தாக்கூட அஞ்சு நிமிஷம் ஓடவிட்டுத்தான் புட்டியில பிடிப்பேன்.”

சாதிக் டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான்.

“நீங்க பதிஞ்சதுல ஆரம்பம் எங்க?”

“எந்த ஆரம்பம்?”

“மெஷினைப் போட்டதுலேர்ந்து தாள்ல மொத எழுத்து விழற வரைக்கும்.”

டீச்சர் யோசித்தார். அதை வெட்டிவிட்டதாகச் சொன்னார். நாற்பது விநாடி என்னென்னவோ ஓடியது, தாளில் ஒன்றும் விழவில்லை, வெறும் இரைச்சல் என்று எடுத்துவிட்டாராம்.

சாதிக் பழைய பிரிண்டர் ஒன்றைத் தாள் வைக்காமலே போட்டான். தலை நகர்ந்து ஓரத்து மூலைக்குப் போய் நின்றது. கிர்ரென்று ஒரு சத்தம். மூடியைத் திறந்து காட்டினான். அந்த மூலையில் ஒரு பஞ்சு இருந்தது. கறுப்பாக, ஈரமாக.

டீச்சர் அந்தப் பஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசித் தலையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

வீட்டில், கணினியின் குப்பைத்தொட்டியிலிருந்து அந்த நாற்பது விநாடியைத் தேடி எடுத்தார். ஒவ்வொரு துளையும் தன் வாயில் நின்று காய்ந்த மையை இருநூறு முறை வெறுமனே துப்பியிருந்தது. அதன் பிறகே வேலை. தன் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சு வைத்தார். வோல்ட்டைப் பழைய அளவுக்கே இறக்கினார். முதலில் பஞ்சில் துப்பவிட்டார், பிறகு வடிதாளுக்கு நகர்த்தினார். பத்துத் தாளுக்கு ஒரு முறை மறுபடி பஞ்சுக்கு. பதினான்காம் தேதி மதியம் முந்நூறாவது தாள் காய்ந்தது.

சுதந்திர தினத்தன்று குருவிமேட்டில் வீட்டுக்கு ஒரு குடம் சபைக்கு வந்தது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர் பிடித்த குடங்களில் நனைத்த ஒவ்வொரு தாளும் ஓரத்திலிருந்து ஓரம் வரை மஞ்சளானது. தலைவர் தன் வீட்டுத் தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அந்த போர்வெல்லின் மோட்டார் அறைச் சாவியை அவரே கொண்டுவந்து டீச்சரிடம் கொடுத்தார். அடுத்த வாரமே வேறு ஊரிலிருந்து தண்ணீர் லாரி வரத் தொடங்கியது.

டீச்சர் இனிப்போடு சாதிக்கின் கடைக்கு வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். அவன் பதறி எழுந்துவிட்டான்.

“ஒண்ணு மட்டும் கேக்கணும், தம்பி. வாய்விட்டுச் சொல்லாம, தண்ணி பிடிக்க அனுப்பிச்சு எனக்கே புரியவச்சீங்களே. அந்த வித்தைய எங்க கத்துக்கிட்டீங்க? நானும் முப்பது வருஷமா பாடம் நடத்துறேன், எனக்கு வரலையே.”

சாதிக் இனிப்புப் பெட்டியைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தான்.

“அன்னிக்கு எனக்குத் தாகம், டீச்சர். பதினோரு வருஷமா அந்தப் பஞ்சை நான்தான் மாத்துறேன். மை விக்கிறதுக்காகக் கம்பெனிக்காரன் வேணும்னே துப்ப வைக்கிறான்னு திட்டிக்கிட்டே மாத்துறேன். நீங்க தண்ணியக் கீழ விட்டீங்க, அப்பத்தான் எனக்கே உறைச்சுது. அதைப் பாத்துக்கிட்டே நின்னவன், கடைசியில குடிக்கவே மறந்துட்டேன்.”