மூன்று அப்பாக்களுக்கும் ஒரே வயசு

வெள்ளந்திப்பட்டிக்காரர்களிடம் எதையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அந்த ஊரிலிருந்து மூன்று பேர் பத்தாவது பரீட்சை எழுதப் போனார்கள் என்றால் பரீட்சை நடத்தியவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பரீட்சை கணக்கு. முதல் மணி அடித்ததும், எல்லாரும் பத்து நிமிடம் வினாத்தாளைப் படிக்கலாம் என்றார் மேற்பார்வையாளர். செங்கோடன் எழுந்து நின்று, கைகட்டி, கணீரென்று வாசிக்க ஆரம்பித்தான். வாயை மூடிக்கொண்டு படி என்று அதட்டினார். அன்று முழுக்க அவன் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டேதான் எழுதினான்.

குப்பமுத்து இன்னும் ஒரு படி மேலே. கூடுதல் தாள்களை நூல் போட்டு, கழன்று வராதபடி இறுக்கிக் கட்டச் சொன்னார்கள். அவன் பெஞ்சுக் காலோடு சேர்த்தே கட்டிவிட்டான். அதை அறுத்தெடுக்க வாட்ச்மேன் அரிவாளோடு வர வேண்டியதாயிற்று.

வடமலைக்கு இந்தக் கூத்தெல்லாம் கண்ணில் படவில்லை. பெயிலானால் மறுபடியும் பத்தாவதிலேயே உட்கார வைப்பேன் என்று அப்பா சொல்லியிருந்தார். தங்கச்சி செவந்தி இப்போது ஒன்பதாவது. அடுத்த வருஷம் அவளும் பத்தாவதுக்கு வந்துவிடுவாள். ஒரே வகுப்பில், சொந்தத் தங்கச்சி முன்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்பதை நினைத்தாலே பையனுக்கு அழுகை வந்தது, பாவம்.

பரீட்சை முடிந்து பள்ளிக்கூட வாசலில் மிளகாய்ப்பொடி போட்ட மாங்காய்ப் பத்தையைக் கடித்துக்கொண்டு மூவரும் விடைகளை ஒத்துப் பார்த்தார்கள். அங்கேதான் குண்டு விழுந்தது. தந்தையின் வயது மகன் வயதைப் போல் மூன்று மடங்கு, இருவர் வயதையும் கூட்டினால் அறுபத்து நான்கு, தந்தையின் வயது என்ன என்று ஒரு கேள்வி. வடமலை நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தான். குப்பமுத்து நாற்பத்தெட்டு. செங்கோடன் ஐம்பத்து நான்கு.

"நான் நல்லா தெரிஞ்சுதான்டா எழுதினேன். எங்கப்பாவுக்கு நாப்பத்திரண்டுதான்" என்றான் வடமலை.

மற்ற இருவரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். கேள்வியில் மீதி இருந்த மடங்கு, கூட்டல் எல்லாம் அப்பா வயசு தெரியாத பிள்ளைகளுக்காகக் கொடுத்தது என்று மூவருமே நினைத்திருந்தார்கள்.

ஆனால் கணக்கு வாத்தியார் வருஷம் பூராவும் ஒன்றைத்தான் சொன்னார்: கணக்கென்றால் எல்லாருக்கும் ஒரே விடைதான் வர வேண்டும். இங்கே மூன்று வந்திருக்கிறது.

குப்பமுத்துதான் வழி கண்டுபிடித்தான். "விடையில தப்பில்லடா. அப்பாக்கள்லதான் தப்பு. செங்கோடன் அப்பாகிட்ட ஆறு வயசு கூட இருக்கு. அதை எடுத்து உங்கப்பாவுக்குக் கொடுத்துட்டா மூணு பேருக்கும் நாப்பத்தெட்டு. ஒரே விடை."

"பேப்பர்ல பழைய வயசுதானே இருக்கு?" என்றான் செங்கோடன்.

"எழுதுறப்ப ஒரு வயசு, திருத்துறப்ப ஒரு வயசு. நடுவுல நாள் ஓடும்ல? திருத்துறவருக்கு அது தெரியாதா?"

"எங்கப்பாவுக்குக் குறையுதேடா."

"அது அவர் உடம்பைப் பார்த்துக்கிட்ட விதம்."

இதற்குமேல் என்ன பேச்சு? மூவரும் கைகுலுக்கிக்கொண்டு ஊருக்கு ஓடினார்கள்.

வடமலையின் அப்பா பச்சையப்பன் விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிள்ளைக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? தன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றே ஹெட்மாஸ்டர் இரண்டு வயசைக் கூட்டிப் போட்டார், வலிக்கவே இல்லை என்றும் சொன்னார். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, அங்கேயே நாற்பத்தெட்டு வயசானார். உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்குத் திடீரென்று ஒரு யோசனை.

"ஏன்டா, எனக்கு இருபத்தாறு நடக்கிறப்ப நீ பொறந்த. இப்ப எனக்கு நாப்பத்தெட்டுன்னா உனக்கு என்ன வயசு?"

வடமலை விரல் விட்டுப் பார்த்தான். இருபத்திரண்டு.

"இருபத்திரண்டு வயசுக்காரன் எங்கயாவது பத்தாவது படிப்பானா? அதெல்லாம் நீ எப்பவோ பாஸ் பண்ணியிருப்ப."

வடமலைக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டைச் சுற்றி ஓடினான், ஆட்டுக்குட்டியைத் தூக்கி முத்தம் கொடுத்தான், அம்மா காலில் இரண்டு தடவை விழுந்தான். செவந்தியும் சும்மா இருப்பாளா? அப்படியானால் தனக்கு இருபத்தொன்று, தானும் பாஸ் என்று புத்தகப் பையைப் பரண் மேல் வீசினாள். அம்மா கேசரி கிளறினாள். மனசு நிறைந்து அன்றைக்குத்தான் பையன் நன்றாகத் தூங்கினான்.

காலையில் தெருவில் ஒரே அழுகை. எட்டிப் பார்த்தால், செங்கோடனை அவன் அம்மா தரதரவென்று இழுத்துக்கொண்டு வருகிறாள். தொடையைக் கவ்விப் பிடிக்கும் அரை நிக்கர், கையில் சிலேட்டு, மேலுதட்டில் அரும்பு மீசை. அப்பாவுக்கு ஆறு குறைந்ததில் இவனுக்கும் ஆறு குறைந்து பத்து வயசாகிவிட்டது. அஞ்சாம் வகுப்புக்கு முழுப்பரீட்சை இன்னும் முடியவில்லை. அப்பாவோ இளமை திரும்பிய குஷியில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

வடமலைக்கு மனசு கேட்கவில்லை. இருபத்திரண்டு வயசுக்கான பக்குவத்தோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் அவன் கண்ணைத் துடைத்துவிட்டான்.

"அழாத தம்பி. ஆறு வருஷம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிரும். நீயும் பத்தாவது எழுதிருவ."

செங்கோடன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான். "அப்பவும் அப்பா வயசைக் கேட்டா என்ன எழுதட்டும்ண்ணே?"

"நாப்பத்தெட்டுன்னே எழுது. உங்கப்பாவை அதுவரைக்கும் அசையாம உட்காரச் சொல்லு."