கத்தரிப்பூ ஏன் வாய் திறப்பதில்லை

அந்தக் காலத்தில் பூச்சிகளும் செடிகளும் பேசின. மனிதர்களுக்கு அது நன்றாகவே கேட்டது. கேட்டதே தவிர, காதில் போட்டுக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

வெள்ளைக்கல்மேடு என்ற ஊரில் மையாத்தாள் என்றொரு கருவண்டு இருந்தாள். நாவற்பழம் போல உடம்பு, வெயில் பட்டால் நீலம் அடிக்கிற சிறகு. ஆனால் குரல் மட்டும் நூலிழைதான். அவள் பேசினால் பக்கத்தில் போகிற எறும்புகூட நின்று, "என்ன சொன்னே?" என்று திருப்பிக் கேட்கும். கருவண்டுகளுக்கு உறுமல் கிடையாத காலம் அது.

ஊரைச் சுற்றியும் தெருவின் இரண்டு பக்கமும் உயிர்வேலி. யாரோ எப்போதோ கிளுவைக் கிளைகளைப் போத்துகளாக வெட்டி நட்டார்கள்; அவை வேர்விட்டு மரமாகிவிட்டன. அவற்றின் இடுக்கில் ஆவாரை, எருக்கு, நொச்சி, சுண்டை, கண்டங்கத்தரி என்று தானாக வந்து குடியேறியவை ஏராளம். நடுவில் ஒரு முருக்கமரம். அதில் ஒரு காய்ந்த கிளை. அந்தக் கிளையைப் பல்லால் குடைந்து நீளமாக ஒரு வீடு செய்திருந்தாள் மையாத்தாள். உள்ளே வரிசையாக அறைகள். அறைக்கு ஒரு மகரந்த உருண்டை, உருண்டையின் மேல் ஒரு முட்டை, மரத்தூளைக் குழைத்து நடுவில் ஒரு சுவர். எந்த மேஸ்திரியும் அவளிடம் குறை காண முடியாது.

அந்த வேலியை ஒட்டித்தான் ஊர்ப் பெரியதனக்காரர் ராக்கியண்ணனின் வீடு. கொல்லையில் அவர் மனைவி நாச்சாத்தாள் கத்தரி போட்டிருந்தாள். அப்போதெல்லாம் கத்தரிப்பூ வெள்ளை வெளேரென்று இருக்கும். வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். தாம்பாளத்தில் சந்தனம் வைத்து வாசலில் நீட்டுகிற மாதிரி மகரந்தத்தை வெளியே வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் கொடுக்கும். காற்று கேட்டாலும் கொடுக்கும். காய்ப்பு தாங்காமல் கிளைகள் தரையில் கிடக்கும்.

ராக்கியண்ணன் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் ஒறம்பரையாக வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயாருடைய பட்டுச்சேலை கிளுவை முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

"ஏனுங், இது ஊருங்களா, காடுங்களா?" என்றாள் அந்த அம்மாள். அதற்குப் பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் ஒரு குறை சொன்னாள். கத்தரிக்காய்க் குழம்பு வந்ததும் பேச்சு நின்றது. மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டாள். கிளம்பும்போது கண்டிப்பாகச் சொன்னாள்: "கலியாணத்தன்னைக்கு இந்தக் கொல்லைக் கத்திரிக்காதான் பந்திக்கு வரோணும். இல்லீன்னா எங்க சனம் உங்க வீட்டுல கை நனைக்காதுங்."

புத்தியுள்ள மனிதராக இருந்தால் கத்தரிக்காயை நினைத்திருப்பார். ராக்கியண்ணன் கிழிந்த சேலையை நினைத்தார். மறுநாளே அரிவாளும் கோடரியுமாக ஆட்களைக் கூட்டிவந்து விட்டார்.

"வேலியை வெட்டிப்போட்டா அதுல இருக்கற பூச்சிபொட்டெல்லாம் எங்கீங் போகும்?" என்று கேட்டாள் நாச்சாத்தாள்.

"போற பக்கம் போகட்டும் அம்மிணி. கலியாண வீட்டுக்குப் பூச்சியா ஒறம்பரை?"

வெட்டினார்கள். வேரோடு பறித்தார்கள். எல்லாவற்றையும் குவித்துத் தீ வைத்தார்கள். கடல் தாண்டி வந்த ஒரு வியாபாரியிடம் காகிதப்பூச் செடிகளை வாங்கித் தெரு நெடுக நட்டார்கள். தெரு முழுக்கச் சிவப்பும் ஊதாவுமாகக் கண்ணைப் பறித்தது. ஊரே வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

கால்கள் நிறைய மகரந்தத்தை அப்பிக்கொண்டு மையாத்தாள் திரும்பி வந்தபோது, முருக்கமரத்தின் காய்ந்த கிளை குவியலுக்கு நடுவில் கங்காகக் கிடந்தது. கிட்டே போனாள். சூடு தள்ளியது. மறுபடி போனாள். சிறகின் ஓரம் பொசுங்கியது. அப்புறம் நேராக ராக்கியண்ணனிடம் போனாள்.

"என் வீடு அதுல இருந்துச்சுங். பிள்ளைக உள்ள இருந்துதுங்."

"என்ன? சத்தமாப் பேசு."

அவள் திரும்பச் சொன்னாள்.

"ஓ, வீடா? வேற ஒண்ணு கட்டிக்கோ போ. தெரு பூராப் பூ வெச்சிருக்கேன், அதைப் பாக்காம அழுதுட்டு வர்றே."

போய்ப் பார்த்தாள். பூ என்று நினைத்து உட்கார்ந்த இடமெல்லாம் சாயம் பூசின இலை. அந்த இலைகளுக்கு நடுவே ஊசித்துளை மாதிரி ஏதோ ஒன்று இருந்தது; அதில் அவள் நாக்கு நுழையவில்லை. பந்தியில் உட்காரவைத்து, வெறும் வாழை இலையைப் போட்டுவிட்டு, 'திருப்தியா?' என்று கேட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. திரும்பி வந்து அதைச் சொன்னாள். ராக்கியண்ணன் பனைவிசிறியால் ஒரு தட்டுத் தட்டினார். அவள் போய்ச் சாம்பலில் விழுந்தாள்.

விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து கத்தினாள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் கத்தினாள். சாயங்காலம்வரை கத்தியதில் அந்த நூலிழைக் குரல் அறுந்தது. அறுந்த இடத்திலிருந்து வேறொரு குரல் கிளம்பியது. உறுமல். அந்த உறுமலில் சுற்றியிருந்த சாம்பல் எழும்பி நின்றது. பக்கத்துத் தொழுவத்தில் மாடு அசைபோடுவதை நிறுத்தியது. நம்பாதவர்கள் மாட்டைக் கேட்டுக்கொள்ளலாம்.

தேனீக்கள் கூட்டத்தோடு ஊரைக் காலிசெய்து கிளம்பின. போகிற வழியில் அவற்றின் தலைவி இறங்கி வந்தாள். "மையா, வாடி, மலைக்குப் போயிரலாம். இங்க என்ன இருக்குது?"

"நான் வரலை."

"இருந்து என்ன பண்ணப் போறே?"

"கோவப்படப் போறேன்."

"அது ஒரு பொழப்பாடி?"

"இப்போதைக்கு அதுதான் பொழப்பு."

தேனீக்கள் போய்விட்டன. மையாத்தாள் கத்தரிச்செடிக்குப் போனாள். கத்தரியும் நல்ல நிலையில் இல்லை. சுண்டை கத்தரிக்கு அக்கா, கண்டங்கத்தரி தங்கை. இருவரும் பக்கத்திலேயே எரிந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். அப்படியும் பழக்கத்தில் மகரந்தத்தை நீட்டிக்கொண்டுதான் நின்றாள்.

"இன்னும் யாருக்குடி நீட்டிட்டு நிக்கறே?" என்று உறுமினாள் மையாத்தாள். "உங்க அக்காளை எரிச்சவன் வீட்டுக் கலியாணத்துக்குக் காய்க்கப் போறியா?"

"நான் வேற என்ன பண்ணட்டும்? குடுத்துத்தான் பழக்கம்."

"வாயை மூடு."

"மூடினா நான் எப்படிக் காய்க்கறது? விதை இல்லீன்னா என் வம்சம் என்னாகறது?"

"என் வம்சம் என்னாச்சுன்னு பாத்தயல்ல? இப்ப என் தொண்டையில இருக்கற குரல் வேற எவளுக்கும் வராது. நான் வந்து, உன்னைப் புடிச்சுத் தொங்கி, உறுமினா மட்டும் தொற. காத்து வந்து கெஞ்சினாலும் தொறக்காதே. அந்த மனுசன் கால்ல விழுந்தாலும் தொறக்காதே."

அக்காவின் சாம்பல் காற்றில் வந்து கத்தரியின் மேல் படிந்தது. கத்தரி மகரந்தத்தை எல்லாம் உள்ளே இழுத்தாள். மஞ்சள் குழாய்களாகச் சுருட்டி, நுனியில் ஊசிமுனை அளவு ஓட்டை மட்டும் விட்டு, இறுக்கி மூடினாள். மூடிய வேகத்தில் வெள்ளை முகம் கன்றி ஊதாவாகிவிட்டது. மனிதர் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று தலையையும் கவிழ்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் கொல்லையில் பூ பூத்தது, உதிர்ந்தது. பூத்தது, உதிர்ந்தது. பிஞ்சு என்று கண்ணில் காட்ட ஒன்று இல்லை. கலியாணம் நெருங்கியது. ராக்கியண்ணன் எருவைக் கொட்டினார். மோர் தெளித்தார். உறுமினால் திறக்கும் என்று எறும்புகள் வழியாகச் சேதி கசிந்ததும் உறுமிமேளக்காரர்களைக் கூட்டிவந்து பாத்திக்கு நடுவில் அடிக்கச் சொன்னார். செடி ஆடியது, பூ திறக்கவில்லை. 'கோபமாகப் பேசினால் போதும்' என்று யாரோ சொல்ல, ஊரிலேயே வாய்க்காரிகள் என்று பெயர் எடுத்தவர்களைக் கொல்லையில் வரிசையாக நிறுத்திக் கத்தரிச்செடியைத் திட்டவைத்தார். அந்தப் பெண்கள் கத்தரியில் ஆரம்பித்து, அதன் தாய்வழி தகப்பன்வழி எல்லாவற்றையும் இழுத்து, கடைசியில் பழைய பகையில் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பூ அப்படியே தொங்கியது.

அலுத்துப்போய் ராக்கியண்ணன் மத்தியானம் கட்டிலில் சாய்ந்தார். முகத்தில் ஏதோ உதிர்ந்தது. தொட்டுப் பார்த்தார். மரத்தூள். மேலே தேக்கு விட்டத்தில் வட்டமாக ஒரு துளை. உள்ளேயிருந்து பல் அரைக்கிற சத்தம்.

"யாரது?"

"நான்தானுங். வேற ஒண்ணு கட்டிக்கோன்னு சொன்னீங்களே. கட்டிட்டு இருக்கேன்."

அவர் விசிறியை எடுத்துக்கொண்டு கட்டில்மேல் ஏறினார். அடுப்படியிலிருந்து நாச்சாத்தாள் வந்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அவள் முகத்தில் தெரிந்தது.

"விசிறியைக் கீழ வையுங். இந்த ஊட்டுல இன்னொருக்கா அது அவ மேல பட்டா, நாளைக்கு உங்க சோத்தை அந்தக் காகிதப்பூக்கிட்டப் போய்க் கேளுங்."

விசிறி கீழே வந்தது. அவரும் வந்தார்.

"என்னதான் வேணும் உனக்கு?" என்று மேலே பார்த்துக் கேட்டார்.

"வேலி."

"சரி. தெருவுக்கு ஒரு பக்கம் மட்டும் வெச்சுத்தர்றேன். மறுபக்கம் பூ இருக்கட்டும், அழகா இருக்குதல்ல."

மையாத்தாள் துளையிலிருந்து தலையை வெளியே நீட்டினாள். "என் பிள்ளைகள்ல ஒரு பக்கம் மட்டுமா வெந்துச்சு?"

நாச்சாத்தாள் கடப்பாறையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

வேலி வெட்டினவர்களே பக்கத்து ஊர்களுக்குப் போய்க் கிளுவைப் போத்து கேட்டு வாங்கிவந்து நட்டார்கள். ராக்கியண்ணன் தன் கையாலேயே காகிதப்பூக்களைப் பிடுங்கினார். முள் நன்றாகக் குத்தியது. ஆவாரை விதை தூவி, நொச்சி நட்டு, சுண்டைக் கன்று வைத்து, அதற்குத் தினமும் தண்ணீர் சுமந்தார். கலியாணம் மழைக்கு அப்புறம் என்று தள்ளிப்போனது. மழை வந்தது, போத்துகள் துளிர்த்தன, சுண்டை பூத்தது. தன் அக்காவின் வெள்ளைப் பூவைப் பார்த்த அன்று காலையில் கத்தரி முதல்முறையாக அசைந்தாள்.

மையாத்தாள் போய் ஒரு பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கினாள். சிறகை மடக்கிக்கொண்டு, உடம்பு முழுக்க அதிர உறுமினாள். ஊசிமுனை ஓட்டைகளிலிருந்து மகரந்தம் அவள் வயிற்றில் கொட்டியது. அடுத்த பூவுக்குப் போனாள், உறுமினாள். பின்னாடியே பிஞ்சு பிடித்தது. கலியாணப் பந்தியில் சம்பந்தியம்மாள் மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டாள். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை.

பந்தி முடிந்ததும் ராக்கியண்ணன் கொல்லைக்கு வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மையாத்தாளுக்கு முன்னால் நின்றார்.

"வேலி வந்துருச்சு. இனி கோவத்தை விட்டுறலாமல்ல அம்மிணி? என் விட்டத்தையும் விட்டுறலாமல்ல?"

"வேலி வந்துருச்சுங். பிள்ளைக வரலை." அவள் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று பறந்தாள். "அது போக, நீங்க நட்டது எல்லாம் பச்சைக் கிளை. எனக்கு வேணுங்கறது காஞ்ச கிளை. அது கெடைக்கிற வரைக்கும் உங்க விட்டந்தான் என் வீடு. எந்த ஊருல மரத்தைச் சுத்தம் பண்றேன்னு மழிச்சாலும் அந்த ஊரு விட்டமெல்லாம் என் வீடு."

சொல்லிவிட்டு அடுத்த பூவுக்குப் போய்விட்டாள். மன்னித்தாளா என்று கேட்டால், மன்னிக்கவில்லை.

அன்று தொட்டுத்தான் கத்தரிப்பூ ஊதா முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு வாயை மூடியே வைத்திருக்கிறது. காலையில் கருவண்டு வந்து கட்டிப்பிடித்துத் திட்டினால் மட்டும் திறக்கிறது. அவள் பாடுகிறாள் என்று நினைத்து ரசித்துக்கொண்டு நிற்கிறோம். அவளோ நம்மைத்தான் இன்னும் வைதுகொண்டிருக்கிறாள்.