கொசுறுப் புள்ளி

மலையடிவாரத்தில் ஊமத்தம்பாறை என்று ஓர் ஊர். மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதை மடியில் மறைத்துக்கொண்டு ஓடுகிற ஊர். அந்த ஊரிலேயே பெரிய கெட்டிக்காரன் என்று பேரெடுத்தவன் கொப்பையன். கொசுறு வாங்காமல் எந்தக் கடைப் படியும் இறங்கமாட்டான். கடுதாசி கொண்டுவந்த தபால்காரரிடமே கொசுறாக இன்னொரு கடுதாசி கேட்டு மல்லுக்கு நின்றவன்.

அவனுடைய கடலைத் தோட்டத்தில் அந்திக்கு அந்தி ஒரு காட்டுப்பன்றி புகுந்து செடியைக் கிளறிவிட்டுப் போயிற்று. போன வருசமும் இதே பன்றி, இதே சாப்பாடு. அவன் பெண்டாட்டி வீருசின்னு ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

"இந்த வருசமும் கடலை வீடு வந்து சேரலேன்னா நான் எங்கண்ணன் வீடு போய்ச் சேர்ந்துருவேன். கூப்பிட வந்துறாதீக."

கொப்பையனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது.

ஊருக்குப் பொதுவாக உரிமம் வாங்கிய துப்பாக்கி ஒன்று மொக்கச்சாமி வீட்டில் இருந்தது. இதுவரை அது வீழ்த்தியது இரண்டு தண்ணீர்ப் பானை, ஒரு சோளக்கொல்லைப் பொம்மை. ஆகவே கொப்பையன் டவுனுக்குப் பஸ் ஏறினான்.

துப்பாக்கிக் கடைக்காரர் ஒரு கறுப்புக் குழாயை எடுத்து வைத்தார். "துப்பாக்கி மேல மாட்டுற ஸ்கோப்பு. கண்ணை வச்சுப் பார்த்தா உள்ளே சிவப்பா ஒரு புள்ளி எரியும். மங்கின வெளிச்சத்துலயும் தெரியும். புள்ளியைப் பன்றி மேல வைங்க. மிச்சத்தைத் துப்பாக்கி பார்த்துக்கும்."

"எத்தனை புள்ளி?"

"ஒண்ணுதான்."

கொப்பையனுக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னய்யா அநியாயம்! கத்தரிக்கா வாங்கினாலே கறிவேப்பிலை தர்றான். இம்மாம்பெரிய குழாய்க்கு ஒத்தைப் புள்ளியா? கொசுறுப் புள்ளி வையி. இல்லாட்டி இந்த இடத்தை விட்டு எந்திரிக்கமாட்டேன்."

எந்திரிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரமும் தாண்டிற்று. பசி தாங்காத கடைக்காரர் ஒரு பொத்தான் பேட்டரியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "இந்தாரும், இன்னொரு புள்ளி இதுக்குள்ள இருக்கு. போய்ச் சேரும்!"

அதை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு, ஊரையே விலைக்கு வாங்கியவன் மாதிரி கொப்பையன் திரும்பினான்.

மறுநாள் காலையில் குழாய்க்குள் இருந்த விளக்கைப் போட்டுக் கண்ணை வைத்தான். எதிரே மொக்கச்சாமி நின்றான்.

"ஏலே, ஆடாதே! புள்ளி உன் நெத்தியில உக்காந்திருக்கு!"

மொக்கச்சாமி அலறிக்கொண்டு புளியைப் போட்டு நெற்றியைத் தேய்த்தான். தோல் உரிந்தது, புள்ளி போகவில்லை. "எங்கே, நான் பாக்குறேன்" என்று குழாயைப் பிடுங்கிக் கொப்பையனைப் பார்த்தான்.

"மாப்ளே, என்னை விட்டுட்டு உன் மேல தாவிருச்சு!"

இப்போது கொப்பையன் புளி கேட்டு ஓடினான்.

இந்த இருவருக்கும் மேலே யோசிக்கிறவன் போத்தியப்பன். கூச்சல் கேட்டு வந்தவன் தாடையைச் சொறிந்தான். "தாவுற சாதி. அவுத்து விட்டா ஊரெல்லாம் பரவிரும். சாக்குல போட்டுக் கட்டுங்கடா."

குழாயைச் சாக்கில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினார்கள். விளக்கை அணைக்க வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. பொழுது சாயும் வரை அது சாக்குக்குள் எரிந்துகொண்டே கிடந்தது.

அந்தியில் குழாயைத் துப்பாக்கியில் மாட்டி, வரப்புக் கல்லின் மேல் சாய்த்து வைத்தார்கள். பன்றி வந்தது. கொப்பையன் குறி பார்த்தான்.

"புள்ளி விலாவுல உக்காந்துருச்சு."

"அப்ப கையை எடு," என்றான் போத்தியப்பன். "இனிமே அது துப்பாக்கியோட சோலி. நடுவுல மூக்கை நுழைக்காதே."

கையை எடுத்தான். பன்றி மொறுமொறுவென்று தின்றது.

"துப்பாக்கி என்னடா பண்ணுது?"

"யோசிக்குது," என்றான் போத்தியப்பன்.

பன்றி இரண்டாம் பாத்திக்குப் போயிற்று.

"இப்ப?"

"மூணு தடிப்பயலுக முறைச்சுப் பாத்தா அதுக்குக் கூச்சமா இருக்காதா? திரும்பிக்கங்கடா."

மூவரும் மரியாதையாக மலைப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். முதுகுக்குப் பின்னால் மொறுமொறு நிற்கவே இல்லை. பொறுமை போய்க் கொப்பையன் திரும்பிக் குழாயில் கண்ணை வைத்தான். பன்றி இருந்தது, பாதித் தோட்டம் இல்லை, புள்ளியும் இல்லை.

"ஐயையோ! கடலையோட சேத்துப் புள்ளியையும் முழுங்கிருச்சுடா!"

மொக்கச்சாமி துப்பாக்கியைத் தூக்கினான். கொப்பையன் பாய்ந்து பிடித்தான். "அடப்பாவி, சுட்டுத் தொலைச்சிராதே! உள்ளே புள்ளி இருக்கு, உடைஞ்சு போகும்!"

"பின்னே எப்படி வெளியே எடுக்கிறது?"

போத்தியப்பன் நெடுநேரம் யோசித்தான். "வயிறு முட்டத் தின்னா தன்னால தள்ளிரும்."

பிறகு மூவரும் மிச்சப் பாத்திகளிலும் செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, பன்றியின் முன்னால் போட்டார்கள். இத்தனை வருசத்தில் பன்றிக்கு இப்படி ஓர் உபசாரம் கிடைத்ததில்லை. கடைசிச் செடியையும் தின்று ஏப்பம் விட்டுவிட்டு, புள்ளியைத் தராமலேயே காட்டுக்குள் போயிற்று.

விடிந்ததும் வீருசின்னு வந்தாள். மொட்டைத் தோட்டத்தைப் பார்த்தாள். திரும்பி நடந்து, துணி மூட்டையோடு அண்ணன் ஊர்ப் பாதையில் ஏறினாள்.

"ஏ புள்ள, நில்லு! உன் புருசன் ஏமாளின்னு நினைச்சியா? கொசுறு இருக்கு!"

அவள் நின்றாள். கொப்பையன் மடிப்பை அவிழ்த்து, பேட்டரியை எடுத்து, தோட்டத்து நடுவில் குழி தோண்டிப் புதைத்து, ஒரு செம்புத் தண்ணீரும் ஊற்றினான்.

"ஒத்தைப் புள்ளி. தை மாசம் தோட்டம் பூராவும் புள்ளியாக் காய்க்கும். டவுன்காரனே வந்து என்கிட்ட வாங்குவான். கொசுறுன்னு வாயைத் திறக்கட்டும், அப்ப இருக்கு அவனுக்கு."

வீருசின்னு மூட்டையை இடுப்பு மாற்றி வைத்தாள். "அந்தப் பன்றி இன்னிக்கும் வந்து இதையும் கிளறுச்சுன்னா?"

கொப்பையன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். துப்பாக்கியைக் கொண்டுவந்து குழியோரம் படுக்க வைத்தான். ராத்திரிப் பனிக்கு ஆகாதே என்று தன் துண்டை எடுத்து அதற்குப் போர்த்தியும் விட்டான்.

"மிச்சத்தை இது பார்த்துக்கும்."